ரப்பர் இதழ்களின் உழைப்பு
படகின் அவுட்போர்டு மோட்டாரில் நான் மிகவும் மதிப்பது உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் இம்பெல்லரைத்தான். மையம் விலகிய கூட்டுக்குள் அதன் இதழ்கள் ஒருபக்கம் மடங்கி மறுபக்கம் விரிந்து, நீரை உறிஞ்சி என்ஜினைக் குளிர்விக்கின்றன. அந்த நீர்தான் இதழ்களுக்கு மசகும். நீரின்றி ஓட்டினால் சில நொடிகளிலேயே சூடேறித் தேயத் தொடங்கும். மோட்டாரின் பக்கத்துளையில் தண்ணீர் பீய்ச்சும்போது இம்பெல்லரை எதற்குக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்பார்கள் சிலர். அந்தத் தாரை, நீர் வருகிறது என்று மட்டுமே சொல்லும். மணல் அரித்த கூட்டையும், ஓடாமல் கிடந்து வளைந்தபடியே இறுகிய இதழ்களையும் காட்டாது. இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடலாம், தவறில்லை. ஆனால் நடுக்கடலில் என்ஜின் சூடேறினால் பக்கத்தில் அவர் இருக்கமாட்டார். இதழ் உடைந்திருந்தால் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். அது குளிர்நீர்ப் பாதையை அடைத்துவிடும். புதியதைச் சுழலும் திசையிலேயே திருகிப் பொருத்துங்கள். பழைய கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள்.