மின்னூற்பட்டியலும் அடிகளாரின் பெயர்களும்

சித்தாண்டியை அடுத்துள்ள வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் விபுலாநந்த அடிகளாரின் எழுத்துக்களை ஒருங்கு காண விழைகின்றார் எனக் கொள்வோம். அவை ஓரிடத்தில் இல்லை. காரைதீவிற் பிறந்த அடிகளார் (1892–1947) கொழும்பிலும் சென்னையிலும் சிதம்பரத்திலும் பணிபுரிந்தவர். மதங்க சூளாமணியும் யாழ் நூலும் நூலுருப் பெற்றன. கட்டுரைகளோ இருநாட்டு இதழ்களிலும் சிதறிக் கிடக்கின்றன. எந்த நூலகமும் தனித்துநின்று இவற்றைத் திரட்ட இயலாது. கூட்டு மின்னூலகம் வேண்டற்பாலதாவது இதனாலேயே.

இத்துறையில் தமிழர் ஆற்றிய பணி சிறிதன்று. 1998இல் மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து நூலகம் திட்டமும் ஊதியங் கருதாத் தொண்டரால் தொடங்கப்பெற்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததை அறிந்தோர்க்கு இவற்றின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மதுரைத் திட்டம் நூல்களைத் தட்டெழுத்திற் பொறித்து வழங்குகின்றது; வேண்டிய சொல்லைத் தேடிக் காணலாம். நூலகமோ பெரும்பாலும் பக்கங்களைப் படமாக்கித் தருகின்றது. பழைய பதிப்பு அச்சுப்பிழையும் உட்பட அவ்வாறே எஞ்சுகின்றது. ஆராய்வோர்க்கு இதுவே சிறந்ததென்பது என் கருத்து. ஆயின், பழைய அச்சுப்படங்களை எழுத்தாக்குவதிற் கணினி இன்னுந் தடுமாறுதலின், படநூலைக் கண்டடையப் பட்டியலே பெருந்துணை.

இடர்ப்பாடும் ஆண்டே உளது. அடிகளார்க்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். பிரமசரிய நிலையிற் பிரபோத சைதன்யர். 1924இல் துறவு பூண்டபின் விபுலாநந்தர். இப்பெயரையும் ஒருவர் தந்நகரத்தால் எழுதுவர். மற்றொருவர் றன்னகரத்தால் எழுதுவர். நமக்கு இது எழுத்து வேற்றுமை, கணினிக்கோ வேற்றாள்! 'யாழ் நூல்' என்று இடைவெளிவிட்டு எழுதுவதும் 'யாழ்நூல்' என்று சேர்த்தெழுதுவதும் அவ்வாறே. பல நூலகங்களின் பட்டியல்கள் ஒன்றாகுங்கால் இக்குழப்பம் பன்மடங்காகும். நூல் இருந்தும் மாணவர் இல்லையென்று திரும்புவார். வாசகரின் காலத்தைக் காத்தல் நூலகத்தின் கடனென்று அரங்கநாதனார் 1931இலேயே விதி வகுத்தார். காலம் மட்டுமன்று, நூலே ஈண்டு இழக்கப்படுகின்றது.

நிதி வேண்டும், பொறி வேண்டும் என்போர் பலர். முதற்கண் வேண்டுவது, ஓராசிரியர்க்கு ஒரு பெயரை நிலைநாட்டி, ஏனைய பெயர்களிலிருந்து அதற்கு வழிகாட்டும் பொதுப்பட்டியலே. வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலுமுள்ள பட்டியலாளர் சிலர் இணங்கினால் இது கைகூடும். அடிகளாரின் பெயரிலிருந்தே தொடங்கலாம்.