குடித்தனக்காரரின் துயரம்: ஒரு தைவான் திரைப்படம் குறித்த திறனாய்வு

முன்னுரை

தமிழில் 'குடித்தனம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. மனை, மக்கள், சுற்றம் எனக் கூடி வாழும் இல்வாழ்க்கை குடித்தனம் எனப்படும். பிறர் வீட்டில் வாடகை கொடுத்துக் குடியிருத்தலும் குடித்தனம் எனப்படும். முதற்பொருளில் அச்சொல் ஒருவரைக் குடும்பத்தின் நடுவில் அமர்த்துகிறது. இரண்டாம் பொருளில் அவரைத் திண்ணையோடு நிறுத்திவிடுகிறது. இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட நிலையில் வாழும் ஒருவரின் கதையைத் தைவான் இயக்குநர் செங் யூசியே எழுதி இயக்கி, 2020ஆம் ஆண்டில் திரைக்குக் கொண்டுவந்தார். 'சின் ஐ த ஃபாங் க' என்பது அப்படத்தின் சீனப் பெயர். 'அன்புள்ள குடித்தனக்காரர்' என அதனைத் தமிழில் கூறலாம். அப்பெயரின் முதலெழுத்தாகிய 'சின்' பெற்றோரையும் உற்றாரையும் குறிக்கும் சொற்களில் வருவது; ஈற்றெழுத்தாகிய 'க' விருந்தினரைக் குறிப்பது. உறவில் தொடங்கி விருந்தில் முடியும் இத்தலைப்பிலேயே படத்தின் சிக்கல் அடங்கியிருக்கிறது.

தன்பாலினக் காதலைப் பொருளாகக் கொண்ட படம் என்று இதனை வகைப்படுத்துவதில் தவறில்லை. எனினும், அவ்வகைப்பாட்டோடு நின்றுவிட்டால் படத்தின் மையக் கேள்வி நழுவிவிடும். ஒருவர் இறந்தபின் அவருக்காகத் துயருறும் உரிமை யாருக்கு உண்டு? அவ்வுரிமையை வழங்குவது குருதியா, சட்டமா, செயலா? இக்கேள்வியை மையமாகக் கொண்டு இப்படத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படத்தின் பின்னணி

தைவான் திரைப்பட வரலாற்றில் இப்பொருள் புதியதன்று. ஆங் லீ இயக்கிய 'திருமண விருந்து' 1993இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைப் பகிர்ந்து பெற்றது. மலேசியாவின் கூச்சிங் நகரில் 1957இல் பிறந்து, பின்னர்த் தைவானில் புகழ்பெற்ற சாய் மிங்லியாங்கின் படங்களும் இவ்வகையில் நினைவுகூரத்தக்கவை. குலம் தழைக்க மகன் வேண்டும் என்பது கன்பூசிய மரபின் எதிர்பார்ப்பு. மரபினர் இன்மையைப் பெற்றோர்க்குச் செய்யும் தவறுகளுள் பெரியதாக மென்சியசு கருதினார். ஆங் லீயின் படம் இந்த எதிர்பார்ப்போடு மோதி, இறுதியில் ஒரு குழந்தையின் வரவால் அதனோடு ஓரளவு சமரசம் செய்துகொண்டது.

சட்ட நிலையில் தைவான் அண்மைக் காலத்தில் விரைந்து மாறியது. ஒருபாலினத்தவர் மணம் புரிவதைத் தடுப்பது அரசமைப்புக்கு முரணானது என அந்நாட்டின் அரசமைப்பு நீதிபதிகள் 2017 மே 24இல் தீர்ப்பளித்தனர். ஆனால், 2018 நவம்பரில் நடைபெற்ற பொது வாக்கெடுப்பில், குடிமைச் சட்டத்தின்கீழ்த் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே உரியதாக இருக்க வேண்டும் என்பதற்கே பெரும்பான்மை கிட்டியது. இதனால் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, 2019 மே 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆசியாவில் இத்தகைய திருமணத்தை முதன்முதலில் ஏற்றது தைவானே. ஆயினும், துணைவரின் சொந்தக் குழந்தையைத் தவிர வேறு குழந்தையை இருவரும் சேர்ந்து தத்தெடுக்க 2023ஆம் ஆண்டுத் திருத்தம் வரை அச்சட்டம் இடமளிக்கவில்லை. திருமணத்தைக் காட்டிலும் பெற்றோர் என்னும் நிலையை ஏற்பதிலேயே சமூகம் மிகுதியாகத் தயங்கியது என்பதை இதனால் உணரலாம். செங் யூசியேயின் படம் அத்தயக்கம் நிலைகொண்ட இடத்தையே தன் களமாக்கிக்கொள்கிறது.

கதைப்போக்கு

தைவானின் வடகோடியில் அமைந்த மழை மிகுந்த துறைமுக நகரம் கீலுங். அங்குள்ள ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருக்கிறார் பியானோ ஆசிரியர் லின் ஜியென்யீ. வீட்டு உரிமையாளராகிய சௌ அம்மையார் நீரிழிவு நோயால் காலில் ஆறாத புண்ணுடன் வருந்துபவர். அவருக்கு யோயூ என்னும் சிறு வயதுப் பேரன் இருக்கிறான். ஜியென்யீ சமைக்கிறார், அம்மையாரின் புண்ணுக்கு மருந்திடுகிறார், சிறுவனை வளர்க்கிறார். ஊரார் பார்வையில் அவர் வாடகைக்கு இருப்பவர். உண்மையில் அவர், மலையேற்றத்தின்போது இறந்துபோன லீவேயின் காதலர். லீவேய் அம்மையாரின் மூத்த மகன், யோயூவின் தந்தை.

அம்மையார் இறந்ததும் வெளிநாட்டிலிருந்து வரும் இளைய மகன் லீகாங், வீடு யோயூவின் பெயருக்கு மாற்றப்பட்டிருப்பதையும், யோயூவை ஜியென்யீ சட்டப்படி தத்தெடுத்திருப்பதையும் அறிகிறார். ஐயம் எழுகிறது. காவல்துறை விசாரிக்கிறது. அம்மையாரின் உடலில் கடுமையான வலி நிவாரணி மிகுதியாக இருந்தது தெரியவருகிறது. அம்மருந்தை முறையற்ற வழியில் வாங்கியவர் ஜியென்யீ என்பதும் வெளியாகிறது. அவர் குற்றத்தை ஏற்கிறார். பாட்டியின் வலியைப் பொறுக்காத சிறுவனே அம்மருந்தை அவர் கையில் கொடுத்தான் என்பதும், அவனைக் காக்கவே ஜியென்யீ பழியை ஏற்றார் என்பதும் பின்னரே நமக்குப் புலனாகின்றன.

இழவும் இளிவும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கின் அடியாகப் பிறக்கும் என்கிறது. இளிவாவது பிறரால் இகழப்படுதல். இழவு என்பதற்கு விளக்கம் கூறும் பேராசிரியர், தந்தை, தாய் முதலிய சுற்றத்தாரை இழத்தலை முதலாவதாக வைப்பார். இப்படத்தைப் புரிந்துகொள்ள இப்பகுப்பு நன்கு துணைபுரிகிறது.

இழவு சுற்றத்தை முன்னிட்டு அறியப்படுவதாயின், சுற்றம் என ஏற்கப்படாதவர் இழந்தவராகவும் ஏற்கப்படமாட்டார். அவர் அழுதால், 'இவருக்கு என்ன உறவு?' என்ற வினாவே எழும். தமிழரிடையே இறப்பு நிகழ்ந்த வீட்டையே 'இழவு வீடு' என்கிறோம். அவ்வீட்டில் யார் எங்கே அமர்வது, யார் கொள்ளி வைப்பது, யார் எத்தனை நாள் துக்கம் காப்பது என்பனவெல்லாம் உறவுமுறையால் வரையறுக்கப்படுகின்றன. சீனர் மரபிலும் துக்க உடையின் வகையும் துக்கம் காக்கும் காலமும் உறவின் நெருக்கத்துக்கேற்ப வகுக்கப்பட்டவையே. இவ்வரிசையில் ஜியென்யீக்கு இடமில்லை. அவருடைய இழவு உலகின் கண்களுக்கு இழவாகத் தோன்றுவதில்லை. அது இளிவாக மாற்றப்படுகிறது. காதலரை இழந்தவர் என்று பார்க்கப்பட வேண்டியவர், வீட்டைக் கவர வந்தவர் என்று பார்க்கப்படுகிறார்.

இந்நிலையில் அவருக்குக் கிடைத்த ஒரே துக்க வடிவம் பணிவிடை. லீவேயின் தாய்க்கு உணவூட்டுவதும் லீவேயின் மகனைப் பள்ளிக்கு அனுப்புவதுமே அவர் ஆற்றும் நீத்தார் கடன். அவர் அழுவதைவிடச் சமைப்பதையும் துணி துவைப்பதையும் புண்ணைத் துடைப்பதையும் படம் மிகுதியாகக் காட்டுகிறது. துயரத்தைச் சொல்லால் வெளியிட இயலாதவர் அதனைக் கைகளால் வெளியிடுகிறார் என்பதை இயக்குநர் அறிந்திருக்கிறார்.

ஆவணம் சான்றாகும் விந்தை

விசாரணையின்போது ஜியென்யீயிடம், தமக்கு உறவல்லாத ஒரு முதியவரையும் ஒரு சிறுவனையும் ஏன் பேணினார் என்று கேட்கப்படுகிறது. தாம் ஒரு பெண்ணாக இருந்து, கணவர் இறந்தபின்னும் அவருடைய குடும்பத்தைக் கவனித்துவந்திருந்தால் இதே கேள்வியைக் கேட்பீர்களா என்ற பொருளில் அவர் திருப்பிக் கேட்கிறார். படத்தின் உயிர்நாடி இவ்விடமே.

இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. தத்தெடுப்பு ஆவணம் உறவை நிலைநாட்டுவதற்காகவே எழுதப்படுகிறது. உறவினர் ஒருவரிடம் அத்தகைய ஆவணம் இருந்தால் அது பொறுப்புணர்வின் சான்று. ஜியென்யீயிடம் இருக்கும்போதோ அதுவே குற்ற நோக்கத்தின் சான்றாகிவிடுகிறது. அவர் உறவை நிறுவ எடுத்த ஒவ்வொரு முயற்சியும் அவருக்கு எதிராகவே திரும்புகிறது. ஆவணம் இல்லையென்றால் அவர் அந்நியர், இருந்தால் சூழ்ச்சிக்காரர். சட்டம் உரிமை வழங்கினாலும், ஐயுறும் கண் மாறாதவரை அவ்வுரிமை முழுமை பெறாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

2018இல் வெளிவந்த 'அவரை முதலில் நேசித்தது யார்' என்னும் பொருள்படும் சீனத் தலைப்பைக் கொண்ட மற்றொரு தைவான் படத்தையும் இங்கு ஒப்புநோக்கலாம். சூ யூதிங், சூ சிஇயென் ஆகிய இருவர் இயக்கிய அப்படத்தில், இறந்தவரின் காப்புறுதித் தொகை மகனுக்குச் செல்லாமல் ஆண் காதலருக்குச் செல்கிறது. இரு படங்களிலும் மறைந்திருந்த காதலோடு ஒரு சொத்து ஆவணம் பிணைந்திருக்கிறது. வாழும்போது பெயரிடப்படாத உறவுக்கு இறப்பின்பின் கிடைக்கும் முதல் பெயர் 'பயனாளி' என்பதாக அமைவது வேதனைக்குரிய ஒற்றுமையாகும்.

திரைமொழி

படம் குற்றப் புலனாய்வுக் கதையின் வடிவத்தைக் கடன்வாங்கிக்கொள்கிறது. நிகழ்காலமும் கடந்தகாலமும் மாறி மாறி வருகின்றன. இவ்வடிவம் வெறும் விறுவிறுப்புக்காக அமைந்ததன்று. பார்வையாளரும் சிறிது நேரம் ஜியென்யீயை ஐயுறுகிறார். ஒரு மனிதரின் அன்பை மெய்ப்பிக்குமாறு கேட்ட கூட்டத்தில் தாமும் இருந்ததைப் பின்னர் உணர்கிறார்.

ஈரம் படிந்த துறைமுகமும் நெருக்கமான அறைகளும் ஒருபுறம். நினைவுகளில் வரும் உயர்ந்த மலையும் மூடுபனியும் மறுபுறம். காதலர் இருவரும் தங்களுக்குரியவராக இருந்த இடம் அம்மலை. ஒருவரை மற்றவர் இழந்த இடமும் அதுவே. ஃபிரான் அமைத்த இசை, பியானோவை அளவோடு பயன்படுத்துகிறது.

ஜியென்யீயாக நடித்த மோ ஸூயீ, உணர்ச்சியை அடக்கும் முயற்சியையே நடிப்பாக்கியிருக்கிறார். சௌ அம்மையாராக வரும் சென் ஷூஃபாங், ஹொக்கியனும் மாண்டரினும் கலந்த இயல்பான பேச்சால் பாத்திரத்துக்கு உயிரூட்டுகிறார். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஹொக்கியன் கேட்டுப் பழகிய நம் செவிகளுக்கு அப்பேச்சு அந்நியமாகப் படாது. மகனின் சாவுக்கு இவரே காரணம் என்ற கசப்பும், தம்மைப் பேணுபவரும் இவரே என்ற உணர்வும் அம்மையாரின் ஒரே முகத்தில் போராடுகின்றன. 2020 நவம்பரில் நடந்த 57ஆவது தங்கக் குதிரை விருது விழாவில் மோ ஸூயீ சிறந்த நடிகராகவும் சென் ஷூஃபாங் சிறந்த துணை நடிகையாகவும் தேர்வுபெற்றனர். இசைக்கான விருதும் இப்படத்துக்குக் கிடைத்தது. அதே மேடையில் சென் ஷூஃபாங் வேறொரு படத்துக்காகச் சிறந்த நடிகை விருதையும் பெற்றார். அப்போது அவருக்கு அகவை 81.

குறைகள்

இப்படத்தின் மீது இரு மறுப்புகளை முன்வைக்கலாம். முதலாவது, ஜியென்யீயின் தியாகம் எல்லை கடந்தது. உறவினர் எவரும் செய்யாததைச் செய்தால்தான் ஒருவர் உறவினராக ஏற்கப்படுவார் என்றால், அவ்வேற்பு அன்புக்கு உரியதா, உழைப்புக்கு உரிய கூலியா? சாதாரண மகனோ மருமகளோ சோர்ந்தும் சலித்தும் போகலாம். அதனால் அவர் உறவை இழப்பதில்லை. ஜியென்யீக்கு அந்தச் சலுகை இல்லை. படம் இதனை ஓரளவு உணர்ந்தே அவருடைய தனிமையையும் உடல் வேட்கையையும், சட்டத்துக்குப் புறம்பான மருந்தை நாடிய செயலையும் மறைக்காமல் காட்டுகிறது. இக்கறைகளே அவரை மனிதராக நிறுத்துகின்றன. எனினும், இறுதியில் பழி ஏற்கும் செயல் அவரை மீண்டும் திருவுருவாக்கிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு, மேற்கூறிய வினாவைப் பற்றியது. பெண்ணாக இருந்தால் இக்கேள்வி எழாது என்பது உண்மையே. ஆனால், ஏன் எழாது? கணவரை இழந்த பெண் மாமியாரைப் பேணுவது அவளுடைய கடமை எனச் சமூகம் முன்பே முடிவுசெய்துவிட்டது; அவளுடைய அன்பைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆணின் பணிவிடை ஐயத்துக்கு உள்ளாகிறது. பெண்ணின் பணிவிடை கண்ணுக்கே தெரிவதில்லை. இரண்டும் ஒரே அநீதியின் இரு பக்கங்கள். படம் முதற்பக்கத்தை மட்டுமே எழுதியிருக்கிறது. யோயூவைப் பெற்ற தாய்க்குக் கதையோட்டத்தில் இடமில்லாமற்போனதும் இதனோடு தொடர்புடைய குறையே. 2018ஆம் ஆண்டுப் படம், ஏமாற்றப்பட்ட மனைவியின் வலிக்குச் சரிபாதி இடம் தந்ததை நோக்க இக்குறை மேலும் புலப்படுகிறது.

முடிவுரை

தன்பாலினக் காதல் குறித்து நம்மிடையே ஒத்த கருத்து இல்லை. இப்படம் அக்கருத்துப் பூசலில் வாதியாக நிற்கவில்லை. ஒரு முதியவரின் புண்ணைத் துடைத்த கையை முன்வைத்து, அக்கைக்குரியவரை எந்தச் சொல்லால் அழைப்பது என்று மட்டுமே கேட்கிறது. உறவுப்பெயர்கள் மிகுந்தது தமிழ் என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். பெயர்கள் மிகுந்த மொழியிலும் பெயரில்லாத உறவுகள் உண்டு என்பதையும், பெயரில்லாமையால் ஒருவரின் துயரம் இல்லாமற்போவதில்லை என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். குடித்தனம் என்ற சொல்லின் இரு பொருள்களும் ஒருவரிடத்திலேயே சேரக்கூடும் என்பதை ஏற்கும் மனம் வாய்க்கும்போது, ஜியென்யீ போன்றோர் தம் அன்பை மெய்ப்பிக்க நீதிமன்றம் ஏற வேண்டிய தேவை எழாது.