வில்லியம் நோர்டுஹவுஸ்: காலநிலைத் தராசும் எடைக்கற்களும்

வில்லியம் நோர்டுஹவுஸ் (பிறப்பு: 1941, ஆல்புகெர்க்கி, நியூ மெக்சிகோ) அமெரிக்கப் பொருளியலாளர். 1967-இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். பால் சாமுவேல்சனின் புகழ்பெற்ற பொருளியல் பாடநூலின் இணையாசிரியர் என்ற வகையில் மாணவர்கள் பலர் இவரை அறிவர். காலநிலை மாற்றத்தைப் பொருளியல் கணக்குக்குள் கொண்டுவந்ததற்காக 2018-இல் பால் ரோமருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இயற்கை வளங்களைப் பற்றிய ஆய்விலிருந்தே இவர் காலநிலைக்கு வந்தார். 1970-களின் தொடக்கத்தில் நிலக்கரியும் எண்ணெயும் தீர்ந்துபோகும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. விலை ஏறும்போது மாற்றுத் தொழில்நுட்பம் தானே முன்வரும் என்று 1973-இல் எழுதிய கட்டுரையில் நோர்டுஹவுஸ் வாதிட்டார். அதே ஆண்டில், உலகின் எதிர்காலத்தைக் கணினியில் வரைந்து காட்டிய ஜே ஃபாரஸ்டரின் மாதிரியைக் கடுமையாக விமர்சித்தார். தரவு இல்லாமலே அளவிடுகிறார்கள் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. இதே குற்றச்சாட்டு பின்னாளில் அவர் பக்கமே திரும்பியது.

1974-75-இல் வியன்னா அருகிலுள்ள பன்னாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஓராண்டு பணியாற்றினார். எரிபொருள் தீர்வதை விட அதன் புகை வளிமண்டலத்தில் சேர்வதே பெரிய சிக்கல் என்ற முடிவுக்கு அங்கேதான் வந்தார். அக்காலத்துக் கட்டுரைகளில், வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரிக்கு மேல் உயர்ந்தால் பல நூறாயிரம் ஆண்டுகளில் காணாத நிலைக்குப் பூமி சென்றுவிடும் என்று எழுதினார். இன்று உலக நாடுகள் பேசும் 2 டிகிரி வரம்பின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று இது. அந்த எண்ணை அவர் இலாப நட்டக் கணக்குப் போட்டு அடையவில்லை. பூமியின் பழைய வரலாற்றைப் பார்த்துச் சொன்ன எச்சரிக்கை அது.

1992-இல் வெளியான 'டைஸ்' மாதிரி இவரது முதன்மைப் படைப்பு. பொருளாதாரம் வளர்கிறது; அதனால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது; வெப்பம் கூடுகிறது; அந்த வெப்பம் திரும்ப வந்து பொருளாதாரத்தைத் தாக்குகிறது. இந்தச் சுழற்சியைச் சில சமன்பாடுகளில் அடக்கி, ஒரு டன் கார்பனுக்கு எவ்வளவு வரி போடலாம் என்று கேட்டார். காற்றில் கலக்கும் புகைக்கு விலை கிடையாது என்றிருந்த துறையில் இது பெரும் திருப்பம். இந்தச் சாதனையை எந்த விமர்சகராலும் மறுக்க முடியாது. ஆனால் நல்ல தராசும் எடைக்கல் சரியாக இருந்தால்தானே சரியாக நிறுக்கும்?

1991-இல் எழுதிய கட்டுரையில், அமெரிக்கப் பொருளாதாரத்தில் சுமார் 87 விழுக்காடு காலநிலையால் பெரிதாகப் பாதிக்கப்படாத துறைகளைச் சேர்ந்தது என்று கணக்கிட்டார். தொழிற்சாலை, சுரங்கம், வங்கி முதலியவை இதில் அடங்கும். வேளாண்மை, காடு, மீன்பிடிப்பு ஆகியவற்றின் பங்கு 3 விழுக்காடு அளவே. இங்குதான் பெரிய பிழை இருக்கிறது. தண்ணீர் மலிவு, வைரம் விலையுயர்ந்தது. ஆனாலும் தண்ணீர் இல்லாமல் வாழ முடியாது என்பது பொருளியலின் முதல் பாடங்களில் ஒன்று. உணவு தாராளமாகக் கிடைப்பதால்தான் அதன் பங்கு 3 விழுக்காடாக இருக்கிறது. விளைச்சல் சரிந்தால் விலை ஏறும், பங்கும் 3-இல் நிற்காது. பாடநூல் எழுதியவருக்கு இது தெரியாததன்று. கணக்கில் அது இடம்பெறவில்லை என்பதே குறை.

1994-இல் 19 வல்லுநர்களிடம் சேதத்தின் அளவைக் கேட்டு அவரே வெளியிட்டார். இயற்கை அறிவியலாளர்கள் சொன்ன சேதம் பொருளியலாளர்கள் சொன்னதைப் போல 20 முதல் 30 மடங்கு இருந்தது. தமக்கு எதிரான இந்தச் செய்தியை மறைக்காமல் பதிவு செய்தது அவரது நேர்மை. ஆயினும் மாதிரியின் சேத எண்கள் தாழ்வாகவே இருந்தன. 2016-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 6 டிகிரி வெப்பம் கூடினாலும் உலக வருமானத்தில் இழப்பு 8.5 விழுக்காடுதான். அந்த வெப்பத்தில் மனிதர் வாழும் உலகம் எப்படி இருக்கும் என்பதைச் சமன்பாடு கேட்பதே இல்லை.

அடுத்த தகராறு வட்டிக் கணக்கு. நூறு ஆண்டுகள் கழித்து வரும் 1 கோடி ரூபாய் சேதத்துக்கு இன்று எவ்வளவு மதிப்பு? ஆண்டுக்கு 4 விழுக்காடு கழித்தால் சுமார் 2 லட்சம், 1.4 விழுக்காடு என்றால் சுமார் 25 லட்சம். முதலாவது நோர்டுஹவுஸ் பயன்படுத்திய வீதங்களுக்கு நெருக்கமானது. இரண்டாவது 2006-இல் நிக்கோலஸ் ஸ்டெர்ன் அறிக்கை கொண்டது. சந்தையில் மக்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதிலிருந்தே வீதத்தை எடுக்க வேண்டும் என்றார் நோர்டுஹவுஸ். இன்னும் பிறக்காதவர்கள் எந்தச் சந்தையிலும் பேரம் பேசுவதில்லை என்பது எதிர்த்தரப்பின் பதில்.

சேதம் எல்லோருக்கும் ஒன்றாக விழுவதில்லை என்பதையும் இவரது நூல்களே காட்டுகின்றன. ஜோசப் போயருடன் 2000-இல் எழுதிய நூலில், 2.5 டிகிரி வெப்பத்தால் அமெரிக்காவுக்கு அரை விழுக்காட்டுக்கும் குறைவான இழப்பு. இந்தியாவுக்குச் சுமார் 5 விழுக்காடு. உலகச் சராசரி என்ற ஒற்றை எண்ணில் இந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது.

நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட 2018 அக்டோபர் 8 அன்றே, வெப்பத்தை 1.5 டிகிரிக்குள் நிறுத்துவது பற்றிய ஐ.பி.சி.சி. அறிக்கையும் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நோர்டுஹவுஸ் நிகழ்த்திய நோபல் உரையிலோ, 2100-இல் ஏறத்தாழ 3.5 டிகிரியை எட்டும் பாதையே 'உகந்தது' என்று டைஸ் காட்டியது. 2 டிகிரியை முதலில் எழுதியவர்களுள் ஒருவரின் கணக்கு இது. கார்பன் வரியை உடனே தொடங்க வேண்டும் என்று அவர் அயராமல் வற்புறுத்தியது உண்மை. ஆனால் அந்த 3.5-ஐ அவசரமில்லை என்பதற்குச் சான்றாகப் பிறர் எடுத்துக்கொள்வதை அவரால் தடுக்க முடியவில்லை.

டைஸ் மாதிரியை யாரும் எடுத்துத் திருத்திப் பார்க்கலாம். அதை அவர் மூடி வைக்கவில்லை. 2020-இல் ஓர் ஆய்வுக் குழு புதிய சேத மதிப்பீடுகளையும் வட்டி வீதங்களையும் புதுப்பித்த காலநிலை அறிவியலையும் அதே மாதிரியில் இட்டுப் பார்த்தது. பாரிஸ் ஒப்பந்த இலக்குகளுக்கு ஒத்த விடை வந்தது. லின்ட் பராஜுடன் நோர்டுஹவுஸ் 2024-இல் வெளியிட்ட திருத்தத்திலும் சேத மதிப்பு உயர்ந்து, உகந்த வெப்பநிலை 3 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கிறது.