சுத்தியலின் தீர்ப்பு

டெல்லியின் முனிர்கா சந்துகளில் சிலிண்டரும் தண்ணீர் கேனும் சுமக்கும் பழைய பிக்கப் வண்டியின் ஆயுளை அதன் சேஸிஸ்தான் சொல்லும். அனுபவப்பட்ட மெக்கானிக் சுத்தியலால் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். 'டங்' என்றால் இரும்பு திடம். 'தொப்' என்றால் உள்ளே செதில் செதிலாக அரித்துவிட்டது. மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசலாம். அரித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

சில கிலோமீட்டர் தள்ளி, மெஹ்ரோலியில் 1600 ஆண்டு பழைய இரும்புத் தூண் நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் உருவான மெல்லிய துருப்படலமே தூணைக் காக்கிறது என்று விளக்கினார் கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம். வண்டி இரும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் மழை முடிந்ததும் சேஸிஸின் வடிகால் துளைகளில் அடைத்த சேற்றை எடுத்துவிடுங்கள்.