இருத்தலியலும் அடுத்த மனிதரும்

இருத்தலியலைத் தனிமனித வாதம் என்று ஒதுக்குவோர் உண்டு. அதற்காகவே அதைக் கொண்டாடுவோரும் உண்டு. அந்தச் சிந்தனை மரபுக்குள் பிளவுகள் பல என்பதை இரு தரப்புமே கவனிப்பதில்லை. கூட்டத்தில் கரைய மறுக்கும் தனியனை மெய்யியலின் நடுவே நிறுத்தியவர் கோபன்ஹேகனின் கீர்க்கெகார். ஊரார் நினைப்பதையே தன் நினைப்பாகக் கொண்டு நாள் கழிக்கும் வாழ்வை 1927இல் ‘இருத்தலும் காலமும்’ நூலில் ஹைடெக்கர் கூர்மையாகப் பகுத்துக் காட்டினார். ஆனால், அந்த மந்தையிலிருந்து மீண்டவர் எதைத் தேர வேண்டும் என்பதற்கு அதில் அளவுகோல் கிடையாது. 1933இல் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்ததை நூலின் நேர்விளைவு என்பது மிகை. அதைத் தடுக்கும் எதுவும் நூலில் இல்லை என்பது மிகையன்று. அதே ஜெர்மனியில் யாஸ்பர்ஸ், பிறரோடு ஒளிவுமறைவின்றி உறவாடும்போதே ஒருவர் தாமாக ஆகிறார் என்றார். மனைவி யூதர் என்பதால் 1937இல் பேராசிரியர் பதவி பறிபோனது. அவர் மனைவியைப் பிரியவில்லை. ஆகவே, இந்த மரபின் எந்தப் பள்ளியையும் எடைபோட வேண்டிய இடம், அது அடுத்த மனிதருக்குத் தரும் இடம்தான்.

பிரெஞ்சுப் பள்ளிக்குள்ளும் இதே வழக்கு நடந்தது. எந்தச் சூழலிலும் மனிதர் சுதந்திரமானவரே என்று சார்த்தர் வாதிட்டபோது, அந்தப்புரத்தில் அடைபட்ட பெண்ணுக்கு என்ன சுதந்திரம் என்று 1940இல் சிமோன் த பொவ்வார் மடக்கினார். அந்த அடைப்பையும் பல விதமாக வாழலாம் என்றார் சார்த்தர். இந்த விவாதத்தைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார் பொவ்வார். என் கணிப்பில் இருத்தலியல் முதிர்ந்தது அவருடைய அந்தக் கேள்வியில்தான். 1943இல் வெளிவந்த சார்த்தரின் பெருநூலில் அல்ல. சூழல்கள் எல்லாம் ஒரே தரமல்ல, சில கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டவை என்ற கருத்தே 1949இல் ‘இரண்டாம் பாலினம்’ ஆக விரிந்தது.

இருத்தலியல் நடுத்தர வர்க்கத்தின் தன்னலத் தத்துவம் என்பது மார்க்சியரின் பழைய ஆட்சேபம். 1945இல் பாரிஸில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் சார்த்தர் தந்த பதில் (நான் தேரும்போது மனித குலத்துக்கே தேர்கிறேன்) மேடைக்குப் பொருந்தும், தர்க்கத்துக்குப் போதாது. பொவ்வார் 1947இல் எழுதிய அறவியல் நூலின் பதில் உறுதியானது: பிறர் சுதந்திரமாக இல்லாத இடத்தில் என் திட்டங்களை ஏற்று முன்கொண்டு செல்ல ஆளில்லை, ஆகவே, என் சுதந்திரமே அவர்களுடையதைக் கோருகிறது. எதிர்த்திசையிலிருந்தும் ஒரு கேள்வி எழும்: சூழலை இவ்வளவு ஏற்றால் பொறுப்பு எங்கே? அவர் கோடு கிழிக்கிறார். திணிக்கப்பட்ட அடைப்பு ஒடுக்குமுறை. வழி திறந்திருந்தும் அடைப்பை விரும்பி ஏற்பது பிழை. எது எங்கே முடிகிறது என்பது ஒவ்வொரு வாழ்விலும் தனியே ஆராய வேண்டியது; அதற்குச் சூத்திரம் இல்லாதது இந்தப் பள்ளியின் நேர்மையே தவிர குறையன்று.

சார்த்தரும் பின்னர் இப்பக்கம் வந்தார். 1960இல் வெளிவந்த நூலில் அவர் காட்டும் பேருந்து வரிசையில் எல்லோரும் சேர்ந்து நிற்கிறார்கள், ஆனால் ஒருவருக்கொருவர் யாருமில்லை. பாஸ்டில் கோட்டையைத் தாக்கிய மக்கள் திரள் அதற்கு மறுதலை. அத்திரள் இறுகி, சபதத்தாலும் அச்சத்தாலும் கட்டுண்டு, நிறுவனமாகும்போது தனியருக்கு என்ன கதி என்பதையும் அவரே விவரிக்கிறார், தீர்வு தரவில்லை. புரட்சி தன் மக்களையே நசுக்கும் என்று 1951இல் எச்சரித்ததற்காகத்தான் எழுத்தாளர் காமுவைச் சார்த்தரின் இதழ் மறு ஆண்டு கடுமையாகச் சாடியது. அந்த ஒரு விஷயத்தில் காமுவின் கை ஓங்கியே நிற்கிறது.