இரவல் வாய்

அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். நெசவுக் குடும்பம். அவருடைய அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. கதைகளிலும் சினிமாக்களிலும் காது கேளாத பாத்திரங்கள் வரும்போதெல்லாம் தமக்கு எரிச்சல் வருகிறது என்று ஆரம்பித்து, அதற்குக் காரணமும் சொல்லியிருந்தார். அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். சைகை மொழி முறையாகக் கற்ற ஒருவரை வாரத்தில் ஒரு நாளாவது அங்கே உட்கார வைக்க வேண்டும் என்று, தெரிந்த நாலைந்து குடும்பத்தார் கையெழுத்திட்ட மனு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் படித்துப் பார்த்துவிட்டு, மிகவும் அன்போடு, "அதுதான் தம்பி நீங்க கூடவே இருக்கீங்களே, அப்புறம் எதுக்கு இன்னொரு ஆள்?" என்று கேட்டாராம். "கதைகளும் இதைத்தானே ஐயா சொல்லிக் கொடுக்கின்றன?" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

இதை நான் ஓர் இலக்கிய விமரிசனமாகவே எடுத்துக்கொள்கிறேன். பெரிய விமரிசகர்கள் சொல்லாத ஒன்றை அந்த அம்மாபேட்டைக்காரர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரிதானா என்று பார்க்கலாம்.

தமிழில் இந்த விஷயத்தைத் தொட்ட படங்களில் எல்லோருக்கும் நினைவிருப்பது 2007ஆம் ஆண்டு வெளிவந்த 'மொழி'. ராதாமோகன் எடுத்த அந்தப் படத்தில் ஜோதிகா நடித்த அர்ச்சனாவுக்குக் காதும் கேளாது, பேச்சும் வராது. ஆனால் அவள் அழுதுகொண்டிருக்கும் பெண்ணல்ல. கோபம், கேலி, பிடிவாதம் எல்லாம் உள்ள ஒரு மனுஷி. 1972இல் குல்ஸார் எடுத்த 'கோஷிஷ்', அதைத் தழுவி 1977இல் கமல்ஹாசனும் சுஜாதாவும் நடித்த 'உயர்ந்தவர்கள்' ஆகியவற்றில் காது கேளாத தம்பதிகளின் பாடுகளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட நமக்கு, அர்ச்சனா ஒரு புது அனுபவம். அந்தப் படத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அர்ச்சனா சொல்வது மற்றவர்களுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று கவனியுங்கள். அவளுடைய தோழி ஷீலா பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்கிறாள். பிறகு அவளை விரும்பும் கார்த்திக், அவளுக்காகச் சைகை மொழி கற்றுக்கொள்கிறான். நட்பு ஒரு பக்கம், காதல் மறுபக்கம். இரண்டும் சேர்ந்து பாலம் போட்டுவிடுகின்றன. 1996இல் வந்த 'காமோஷி' என்ற ஹிந்திப் படத்தில் அந்தப் பாலம் மகள். கேளாத, பேசாத தாய் தந்தையருக்கு அவளே காது, அவளே வாய். 2022இல் ஆஸ்கார் பரிசு பெற்ற 'கோடா' என்ற அமெரிக்கப் படத்திலும் மகள்தான்.

தோழி, காதலன், மகள். எங்கும் எடுத்துச் சொல்பவர் அன்பு கொண்டவர். பயிற்சி பெற்றவர் இல்லை; கூலி வாங்குபவர் இல்லை. 'காமோஷி'யிலும் 'கோடா'விலும் மகளுக்குப் பாட்டுப் பாட ஆசை. வீடு அவளை விட மறுக்கிறது. ஆகவே அவள் படும் பாடு நமக்குத் தெரிகிறது. ஆனால் அவளை நினைத்து உருகுகிற நாம், அவளுடைய இடத்தில் சம்பளம் வாங்கும் ஒருவர் இருந்திருக்கலாமே என்று நினைப்பதில்லை. படம் முடியும்போது, அன்பு இருந்தால் போதும் என்ற எண்ணத்தோடு வெளியே வருகிறோம். அதே எண்ணத்தோடுதான் அந்த அலுவலகத்துக்காரரும் மனுவை வாங்கிப் படித்திருப்பார். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மைப்போல அவரும் நல்ல படம் பார்த்தவர், அவ்வளவுதான்.

அன்பு போதாது என்று துணிந்து எழுதிய ஒரு நாவல் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் கிரீன்பர்க் 1970இல் எழுதிய 'இன் திஸ் ஸைன்'. ஏபெல், ஜானிஸ் என்ற காது கேளாத தம்பதிகளின் கதை. கல்யாணமான புதிதில் ஏபெல் தவணை முறையில் ஒரு கார் வாங்குகிறான். கையெழுத்திட்ட பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. கடன் கோர்ட்டுக்குப் போகிறது. அங்கே நடப்பதும் அவனுக்கு விளங்கவில்லை. அந்த ஒரு கையெழுத்துக்காகக் குடும்பம் வருஷக்கணக்கில் கடனடைக்கிறது. பிறகு மார்கரெட் பிறக்கிறாள். அவளுக்குக் காது கேட்கும். அன்று முதல் வீட்டுக்கு வாய் அவள்தான். தம்பி இறந்துபோனபோது சவப்பெட்டிக்கு விலை பேசும் வேலையும் அந்தச் சிறுமியின் தலையில் விழுகிறது. அழ வேண்டிய குழந்தை பேரம் பேசுகிறது.

இதை மிகை என்று நினைப்பவர்கள் நம் ஊரிலேயே இப்படியொரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். அம்மாபேட்டையில் ஒரு நெசவாளிக்கும் அவர் மனைவிக்கும் காது கேளாது என்று வைத்துக்கொள்வோம். பத்து வயதுப் பெண் அவர்களோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். தாயாருக்கு வந்திருப்பது கட்டி, அது நல்ல மாதிரியாக இல்லை என்று டாக்டர் சொல்கிறார். அந்தப் பெண் திரும்பித் தாயைப் பார்க்கிறாள். என்ன சொல்வாள்? "ஒன்றுமில்லை, மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்றுதான் சொல்வாள். பாசமுள்ள எந்தக் குழந்தையும் அதைத்தான் சொல்லும். அந்தப் பாசம் காரணமாகவே அந்தத் தாய் தன் உடம்பைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்ளாமல் போவாள்.

பாசத்தை நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. ராஜஸ்தானில் நடந்த ஒரு கொலை வழக்கில், கொலையுண்டவரின் மனைவியே முக்கிய சாட்சி. அவருக்குக் காது கேளாது, பேச்சும் வராது. அவருடைய சைகைகளை விசாரணை நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னவர் அவருடைய தகப்பனார். 2012இல் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானது சரியே என்று தீர்ப்பளித்தது. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மகளுக்கும் சத்தியப் பிரமாணம் செய்விக்கவில்லை, தகப்பனாருக்கும் செய்விக்கவில்லை. அவர் காட்டிய சைகைகள் எழுதி வைக்கப்படவில்லை. எடுத்துச் சொல்பவர் வழக்கில் அக்கறை இல்லாதவராக இருக்க வேண்டும் என்பவை நீதிமன்றம் எடுத்துக்காட்டிய குறைகளில் முக்கியமானவை. தகப்பனாரைவிட அக்கறையுள்ளவர் யார்? நம் சினிமாவில் அவர் உத்தமர். நீதிமன்றத்தில் அந்த அக்கறையே சாட்சியத்தைப் பலவீனமாக்கிவிட்டது.

1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 2013இல் திருத்தப்பட்டது. வாய் பேச இயலாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளரின் அல்லது சிறப்பு ஆசிரியரின் உதவியை நீதிமன்றம் பெற வேண்டும், சாட்சியத்தை வீடியோவில் பதிய வேண்டும் என்று விதி வந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. சட்டம் ஆளைக் கேட்கிறது; ஆள்தான் இல்லை.

ஏன் இல்லை? சைகை காட்டுவது யாருக்கும் வரும் என்று நாம் நினைப்பதுதான் முதல் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விசைத்தறி ஓடும் கூடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது. நூல் அறுந்தது, தறியை நிறுத்து, சாப்பிடப் போகலாம் என்பதையெல்லாம் கையைக் காட்டியே சொல்லிவிடலாம். காது கேளாதவர்களின் மொழியும் இப்படித்தான் என்று எண்ணிவிடுகிறோம். அது அப்படியல்ல. இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. என்ன, எங்கே, யார் என்ற கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். புருவத்தை உயர்த்துவதும் தலையை அசைப்பதும் அங்கே வெறும் பாவனை இல்லை; இலக்கணத்தின் பகுதி. தறிக்கூடத்துச் சைகையை வைத்துக்கொண்டு நூலைப் பற்றிப் பேசலாம். பட்டாவைப் பற்றிப் பேச முடியாது.

தேர்ச்சி இல்லாதவரை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2013 டிசம்பரில் உலகமே பார்த்தது. நெல்சன் மண்டேலாவின் நினைவுக் கூட்டத்தில், உலகத் தலைவர்கள் பக்கத்தில் நின்று ஒருவர் சைகை காட்டினார். காது கேட்கிறவர்கள் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த காது கேளாதவர்கள்தான், அந்தக் கைகளில் ஒரு வார்த்தைகூட இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

இரண்டாவது காரணம், இந்த வேலைக்குக் கூலி உண்டு என்று நாம் ஒப்புக்கொள்ளாதது. எடுத்துச் சொல்வதைத் தொழிலாக மதித்த காலம் நம் சரித்திரத்திலேயே உண்டு. புதுச்சேரியில் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை இன்றும் படிக்கிறோம். துய்ப்ளேயின் மனைவிக்குத் தமிழ் தெரியும். "அம்மாள்தான் கூடவே இருக்கிறார்களே, துபாஷி எதற்கு?" என்று யாரும் கேட்கவில்லை. அதிகாரம் உள்ளவனுக்கு எடுத்துச் சொல்வது உத்தியோகம்; காது கேளாத நெசவாளிக்கு எடுத்துச் சொல்வது மட்டும் தர்மம். இந்தப் பேதம் நம் மனசில் இருக்கிறது. கதைகளும் அதையே வளர்க்கின்றன.

மூன்று காரியங்களைக் காது கேளாதவர்களின் சங்கங்கள் பல வருஷங்களாகக் கேட்டு வருகின்றன: கற்பிக்க ஓர் இடம், தேர்ச்சிக்கு ஒரு சான்று, வேலைக்கு ஒரு ஊதியம். அமெரிக்காவில் 1964இலேயே மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று ஒரு பதிவுச் சங்கம் ஏற்பட்டது. நம் நாட்டில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தில்லியில் தனி நிறுவனமாக அமைய 2015 ஆகிவிட்டது. 2018இல் மூவாயிரம் சொற்களோடு அந்த மையம் வெளியிட்ட அகராதி, 2021இல் பத்தாயிரம் சொற்களாக வளர்ந்தது. மொழிபெயர்ப்புக்கு இரண்டு வருஷப் பட்டயப் படிப்பும் இருக்கிறது. 2023 செப்டம்பரில், காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தின் முன் தோன்றினார். இவையெல்லாம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தவை அல்ல. கேட்டுக் கேட்டு, மனுப் போட்டு, வழக்காடிப் பெற்றவை. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்புப்படி கேட்கும் திறன் குறைந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல். முறைப்படி தேர்ச்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்களையோ நூறு நூறாகத்தான் எண்ண வேண்டியிருக்கிறது. ஒருவரே நெடுநேரம் செய்யவும் முடியாத வேலை இது. இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாறிக்கொள்வதற்காகப் பெரிய கூட்டங்களுக்கு இரண்டிரண்டு பேராகப் போவார்கள்.

"அப்படியானால் கதையில் அன்புக்கு இடமே இல்லையா?" என்று சில வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. அன்பை அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அம்மாபேட்டை வாசகர் தம் கடிதத்தில் சொல்லாத ஒரு நிலையை நானே கற்பனை செய்துகொள்கிறேன். நாளைக்கு அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை வருகிறது. பரம்பரை வீட்டில் தெருப்பக்கத்துப் பாகம் யாருக்கு, தறிமேடை யாருக்கு என்று பேச்சு. அண்ணன் தம் கட்சியைச் சொல்ல வேண்டும். அதைப் பஞ்சாயத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? எதிர்க்கட்சிக்காரரான தம்பி! தம்பி தர்மவானாகவே இருக்கட்டும். தம்பியோடு சண்டை போடும் உரிமை அந்த அண்ணனுக்கு இல்லாமல் போய்விட்டதே! வாயை இரவல் வாங்கியவன், இரவல் கொடுத்தவனை எதிர்த்து எப்படிப் பேசுவான்?

இந்தக் கதையைத் தமிழில் யாராவது எழுத வேண்டும். அதில் மொழிபெயர்ப்பாளர் ஓர் அந்நியராக இருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு வருவார். அண்ணன் திட்டினால் திட்டியதை அப்படியே சொல்வார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கேட்டதை வெளியே சொல்ல மாட்டார். முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். கண்ணீர் வரவழைக்கும் பாத்திரம் அல்ல. ஆனால் அவர் வந்து போன பிறகுதான் அந்த வீட்டில் ஓர் அண்ணனும் ஒரு தம்பியும் சரிசமமாக உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி ஒரு கதை வரும்வரை, அடுத்த முறை திரையில் ஒரு மகள் தன் பெற்றோருக்காகக் கை அசைக்கும்போது, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. துடைத்துக்கொண்டு, அந்தப் பெண் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனாளா என்றும் கேளுங்கள்.