படலைக்குப் பின்னால் நின்றவர்கள்

“ஈழ இலக்கியம் 2009க்குப் பிறகுதான் உண்மை பேசத் தொடங்கியது.” இந்த வரியை இப்போது மேடைக்கு மேடை கேட்கிறேன். கடைசியாகக் கேட்டது எங்கள் திருவண்ணாமலையில், ஒரு புத்தக வெளியீட்டில். டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரி கலை இலக்கிய இரவில் கண்விழித்துப் பழகிய ஊர் இது. வம்சி புத்தகங்கள் வெளியாகும் ஊர். இங்கேயே கூட்டம் மறுபேச்சில்லாமல் கைதட்டியது. அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இயக்கங்களின் கையில் துப்பாக்கி இருந்தபோதே, அவற்றின் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து எழுதியவர்களை அந்த வரி இரண்டாம் முறையாகக் காணாமல் ஆக்குகிறது. கூடவே உண்மையைத் தோல்வியின் பரிசாக்கிவிடுகிறது. ராணுவம் முள்ளிவாய்க்காலுக்குள் நுழைந்த பிறகுதான் தமிழன் வாய் திறந்தான் என்றால், அந்த வாயைத் திறந்துவிட்ட புண்ணியம் யார் கணக்கில் சேரும்?

தொடக்க காலத்தை வாசகர் அறிவார். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம், 1983 ஜூலை, வெலிக்கடைச் சிறை. சேரன், ஜெயபாலன், ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பு. அரச வன்முறைக்கு எதிரே தமிழ்க் கவிதை ஒரு புதிய குரலைக் கண்டெடுத்த காலம். நாங்கள் இங்கே பள்ளிக்கூட வாசலில் உண்டியல் குலுக்கியதும் அப்போதுதான், நானும் குலுக்கியவன். அந்தத் தொகுப்பு வந்த அதே 1985இல் இன்னொரு புத்தகமும் வந்தது. கோவிந்தன் என்ற புனைபெயரில் எழுதப்பட்ட ‘புதியதோர் உலகம்’.

அந்த நாவலைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. புளொட் இயக்கத்துக்குள் நடந்த சித்திரவதைகளையும் கொலைகளையும், அதிலிருந்து வெளியேறிய ஒருவரே எழுதியது. அவை நடந்த இடம் வன்னிக்காடு இல்லை. நம் தஞ்சாவூர் மாவட்டம், ஒரத்தநாட்டுப் பகுதி முகாம்கள். விடுதலைக்கென்று கடல் தாண்டி வந்த பையன்கள், கேள்வி கேட்ட குற்றத்துக்காகத் தங்கள் தோழர்கள் கையாலேயே வதைபட்டுச் செத்தார்கள். தன்னைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தே கோவிந்தன் இதை எழுதினார். நாவலாகக் குறைகள் உண்டு. பாத்திரங்கள் அரசியல் வகுப்பு எடுக்கிறார்கள். உரையாடல்கள் பக்கக்கணக்கில் நீள்கின்றன. ஆனால் அவர் குற்றத்தை முழுக்க மேலிடத்தின் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கவில்லை. இத்தனை நாள் இதற்குள்ளேதானே இருந்தோம் என்று வெளியேறுகிறவர்கள் தங்களையே விசாரித்துக்கொள்கிறார்கள். 1991இல் விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துப் போனார்கள். திரும்பி வரவில்லை.

ஜெர்மனியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹிட்லர் வீழ்ந்தது 1945இல். குந்தர் கிராஸின் ‘தகர டிரம்’ வந்தது 1959இல். அந்த கிராஸே, பதினேழு வயதில் தான் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்ததை வெளியே சொன்னது 2006இல். இடையில் நியூரம்பெர்க் விசாரணை நடந்தது, 1963இல் தொடங்கிப் பிராங்க்பர்ட்டில் அவுஷ்விட்ஸ் வழக்கு நடந்தது. எழுத்தாளனுக்குப் பின்னால் நீதிமன்றம் என்று ஒன்று இருந்தது. கோவிந்தனுக்குப் பின்னால் எதுவுமே கிடையாது. அவர் தோல்விக்காகக் காத்திருக்கவும் இல்லை. நம் இலக்கிய வரலாறுகள் இவரை ஒற்றை வரியில் கடந்து போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்து வந்தவை இருண்ட ஆண்டுகள். 1986இல் புலிகள் டெலோ இயக்கத்தைத் தெருத்தெருவாக அழித்தார்கள். கொன்று களைத்தவர்களுக்குச் சனங்களில் சிலர் சோடா உடைத்துக் கொடுத்ததைச் சாட்சியங்கள் சொல்கின்றன. 1989 செப்டம்பர் 21இல் ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். அவரும் பல்கலைக்கழகத் தோழர்கள் மூவரும் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’, அரசு, இந்தியப் படை, இயக்கங்கள் என்று யாருக்கும் விலக்குக் கொடுக்காத நூல். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டுப் போக இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. துணுக்காயில் புலிகளின் வதைமுகாம் இயங்கியது. 1991 மே மாதம் கவிஞர் சிவரமணி தன் கவிதைகளைக் கொளுத்திவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் கவிஞர் செல்வியைப் புலிகள் கொண்டுபோனார்கள். மறு ஆண்டு சர்வதேச பென் அமைப்பு அவருக்கு விருது அறிவித்தபோது, வாங்கிக்கொள்ள அவர் இல்லை. 2009க்கு முன் உண்மை பேசப்படவில்லையாம். பேசியவர்களின் பட்டியல்தான் இது.

பிறகு களம் புலம்பெயர்ந்த மண்ணுக்கு மாறியது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வந்த சிறுபத்திரிகைகள், செழியனின் நாட்குறிப்பு, 2003இல் புஸ்பராஜாவின் ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’. எல்லாவற்றுக்கும் மேலே ஷோபாசக்தி. தான் சிறுவயதில் புலிகள் இயக்கத்தில் இருந்தவன் என்பதை அவர் ஒளித்ததில்லை. ‘கொரில்லா’ (2001) ஒரு அகதி விண்ணப்பத்தில் தொடங்குகிறது. அதிகாரி நம்ப வேண்டும் என்பதற்காகச் சொல்லும் கதைக்கும், நடந்த கதைக்கும் நடுவில் ஒரு தலைமுறையே தொங்கிக்கொண்டிருப்பதை அந்த உத்தியாலேயே காட்டிவிட்டார். 1975இல் யாழ் மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டதிலிருந்து முப்பது ஆண்டுக்கு மேலாக ஆளைக் கொல்லப் போதுமான காரணமாக இருந்தது ‘துரோகி’ என்ற சொல். அதையே தன் தொகுப்பின் தலைப்பில் வைக்க ஷோபாசக்திக்குத் துணிச்சல் இருந்தது. ‘ம்’ (2004) நாவலில் வதைபட்டவனே வதைப்பவனாகவும் ஆகிறான். கதை கேட்கிறவர்கள் கொட்டும் ‘ம்’தான் அந்தத் தலைப்பு. ஒரு சமூகம் முப்பது வருடம் கொட்டிய ‘ம்’ என்றே நான் அதைப் படிக்கிறேன்.

2009க்குப் பிந்தைய பெருக்கத்துக்கு வருகிறேன். யோ. கர்ணனின் கதைகள், குணா கவியழகனின் ‘நஞ்சுண்ட காடு’, தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’, சயந்தனின் ‘ஆறாவடு’, ‘ஆதிரை’. கிழக்கின் தமிழ் - முஸ்லிம் உறவு முறிந்ததை விமல் குழந்தைவேல் ‘கசகறண’த்தில் சொன்னார். இவற்றில் ‘ஆதிரை’ ஒப்பற்றது. மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்களிலிருந்து தொடங்கும் அந்த நாவலில், இயக்கத்தைக் கும்பிட்டவர்களும் அதனால் பிள்ளையை இழந்தவர்களும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தீபச்செல்வனின் ‘நடுகல்’ வேறு வகை. மாவீரர் நினைவில் கரைகிறது. துயிலுமில்லங்களை இடித்துத் தள்ளிய மண்ணில் அந்தக் கண்ணீருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கண்ணீர் மட்டும் போதும் என்கிற விமர்சகர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல் வந்தபோது, அவர் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் கட்டாய ஆள்சேர்ப்பைப் பற்றிச் சொல்கிறார். நாம் என்ன கேட்டோம்? இதை அவர்தான் எழுதினாரா என்று கேட்டோம். எழுதியது உண்மையா என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மானியரை வென்றவர்கள் விசாரித்தார்கள். இங்கே வென்றவர்களே விசாரிக்கப்பட வேண்டியவர்கள். கடைசிக் கட்டத்தில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் சொன்ன ஐ.நா. நிபுணர் குழு, பாதுகாப்பு வலயத்திலும் மருத்துவமனைகளிலும் குண்டு வீசிய ராணுவத்தையும், தப்பி ஓடிய சனங்களைச் சுட்ட புலிகளையும் சேர்த்தே குற்றம் சாட்டியது. அரசு இன்றுவரை பதில் சொல்லவில்லை. இந்த நிலையில் புலிகளின் தவறைச் சொல்கிற தமிழன், எதிரிக்குச் சாட்சிக் கூண்டு ஏறியவனாகத் தெரிகிறான். ஆனால் எதிரி பதில் சொல்லும்வரை நம் வீட்டுக் கணக்கைத் திறக்கக் கூடாது என்றால், அது என்றைக்குமே திறக்கப்படாது.

கிரிவலப் பாதையில் அடிஅண்ணாமலையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. கடைசிப் போருக்குச் சற்று முன்பு படகேறி வந்த ஒரு அம்மாவுக்கு ‘ஊழிக்கால’த்தைப் படிக்கக் கொடுத்திருந்தேன். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பங்கர் பங்கராக ஓடும் ஒரு பாட்டியின் கதை அவரைத் தொடும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, செய்தித்தாளில் அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதிலை இருக்கிறது எனக்குத் தெரியாத கதையில்லை, தம்பி. என்ரை மகளுக்குப் பதினாறு வயசிலை தாலி கட்டி வைச்சனான், பிள்ளைபிடியாலை. பக்கத்து வீட்டுப் பெட்டையை ஏத்திக்கொண்டு போகேக்கை நான் படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை நிண்டனான். தாய் கத்தினது கேட்டது. அதை ஆரும் எழுதியிருக்கினமோ?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் துறையில் இனி வர வேண்டியது அதுதான் என்று மட்டும் பட்டது. தளபதிகளின் நினைவுக் குறிப்புகள் போதிய அளவு வந்துவிட்டன. தலைமையைக் குற்றவாளியாக்கும் நூல்களும் வந்துவிட்டன. படலையைச் சாத்தியவர், சோடா உடைத்தவர், முஸ்லிம் அயலவர் போன பிறகு அந்த வீட்டுக் கதவைக் கழற்றி வந்தவர், இவர்கள் ‘நான்’ என்று தொடங்கி எழுத வேண்டும்.

அந்த வரிசையில் தமிழ்நாட்டுக்காரனும் நிற்கிறான். ஒரத்தநாட்டு முகாம்களை அந்த ஊர்க்காரர் ஒருவரின் கண்ணால் சொல்லும் நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. முகாமுக்குப் பால் ஊற்றியவர்கள் இருந்திருப்பார்கள், அரிசி மூட்டை இறக்கியவர்கள், தோப்பில் இரவுக் காவலுக்குப் படுத்து ஏதோ சத்தம் கேட்டு எழுந்தவர்கள். அன்றைக்கு முப்பது வயது என்றால் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். திருவண்ணாமலையில் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் ஒரத்தநாடு போய்விடலாம்.